செட் ஆகும் வரை

அகிஹபாரா நிலையத்தில் ‘எலக்ட்ரிக் டவுன்’ வாசல் வழியாக வெளியே வந்தால் கட்டடத்துக்குக் கட்டடம் கார்ட்டூன் பெண்கள் சிரிக்கிறார்கள். டோக்கியோவைப் பார்க்க வருகிற இளைஞர்களில் பலர் அவர்களைத் தேடித்தான் வருகிறார்கள். நான் தேடிப் போனது சோபு லைன் ரயில் பாலத்துக்கு அடியில் இருக்கும் ரேடியோ சென்டரை. எதிரே ஆள் வந்தால் தோளைத் திருப்பி வழிவிட வேண்டிய சந்து அது. இரண்டு பக்கமும் பெட்டிக்கடை அளவுக்குக் கடைகள். ரெசிஸ்டர், கண்டென்சர், சுவிட்ச், மீட்டர், மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் ஒயர் என்று ஒவ்வொரு கடைக்கும் ஒரு சரக்கு. நாலு பக்கமும் இழுப்பறைகள் எழும்பி நிற்க, நடுவில் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். கை நீட்டினால் எந்தச் சாமானும் எட்டும். தலைக்கு மேல் ரயில் போகும்போதெல்லாம் தட்டில் கிடக்கும் திருகாணிகள் லேசாக அதிர்கின்றன.

இந்தச் சந்துக்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கந்தா பகுதியில் ரேடியோ உதிரிபாகங்களைத் தெருவில் பரப்பி விற்கத் தொடங்கினார்கள். பக்கத்திலேயே எலக்ட்ரிகல் படிப்பு சொல்லித்தந்த பள்ளி. அதன் மாணவர்கள் வால்வும் காயிலும் வாங்கி, ரேடியோ கட்டி விற்றுப் பிழைத்தார்கள். 1949-இல் அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் தெருக்கடைகளை எடுக்கச் சொன்னது. வியாபாரிகள் பாலத்துக்கு அடியில் இடம் பிடித்து உள்ளே வந்தார்கள். அன்று முதல் ஜப்பானில் ஆம்ப்ளிஃபையர் கட்ட ஆசைப்பட்டவன் இந்தச் சந்தில் நுழையாமல் இருந்திருக்க மாட்டான்.

நான் அங்கே போனது வேடிக்கை பார்க்க மட்டுமல்ல, ஒரு கேள்வியோடும்தான். நிஷி கசாயில் குடியிருக்கும் என் அக்கா மகன் புதிதாக ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கியிருந்தான். டோக்கியோவில் இந்தியர்கள், அதிலும் சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தவர்கள், கூட்டமாக வாழும் பகுதி நிஷி கசாய். என்னை அழைக்க வந்த இடத்திலேயே அவன் புலம்ப ஆரம்பித்தான்.

“கடையில கேட்டப்போ மிருதங்கத்துல தொப்பி கும்முன்னு இருந்துச்சு மாமா. வீட்டுக்குக் கொண்டாந்து போட்டா தகரத்துல தட்டுற மாதிரி இருக்கு. கேட்டா, நூறு மணி நேரம் ஓடட்டும், ஏஜிங் ஆகணும்கறாங்க.”

“இப்போ எத்தனை மணி நேரம் ஆச்சு மாப்ளே?”

“அதைத்தான் எண்ணிக்கிட்டிருக்கேன். ஆபீஸ் போகும்போதுகூடக் குறைஞ்ச சத்தத்துல ஓட விட்டுட்டுப் போறேன்.”

ஜப்பானில் ஏஜிங் என்பதை நம்மூர் ஹை-ஃபை பிரியர்கள் பர்ன்-இன் என்பார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர் “செட் ஆகணும் சார்” என்பார். சொல்வது ஒன்றுதான்: புதிய சாதனம் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் நன்றாகப் பாடாது, பொறுத்திரு. ஐம்பது மணி நேரம் என்பார்கள், இருநூறு என்பார்கள், ஆயிரம் என்று சொல்பவர்களும் உண்டு. ஸ்பீக்கருக்குச் சொல்வார்கள், ஆம்ப்புக்குச் சொல்வார்கள், கேபிளுக்கும் சொல்வார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சாதனம் வாங்குகிறவனிடம் இதைச் சொல்லும்போது, அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிந்து சொல்ல வேண்டாமா? இந்தக் கேள்வி என்னை வெகு நாளாக அரித்துக்கொண்டிருந்தது.

ரேடியோ சென்டரில் கண்டென்சர் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் மருமகனின் ஜப்பானிய மொழியைத் துணைக்கு வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் அவசரப்படவில்லை. இழுப்பறையிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர் ஒன்றை எடுத்துக் காட்டினார். உள்ளே அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்ஸைடு படலம் இருக்கிறது. அந்தப் படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிற்கிறது. வருஷக்கணக்கில் அலமாரியில் கிடந்தால் அது பலவீனமாகும். அப்போது முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுத்தால் கசிவு மின்னோட்டம் எகிறி, வெடிக்கவும் கூடும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் படலம் மறுபடி உருவாகிவிடும். பழைய வால்வு ரேடியோவை எழுப்பும்போது இங்கே வோல்டேஜை மெதுவாகக் கூட்டும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் செய்கிறார்கள். நம்மூர் ரேடியோ மெக்கானிக்குகள் ஒரு குண்டு பல்பைத் தொடரில் போட்டு அதே வேலையைச் செய்தார்கள். ஆக, கண்டென்சர் பழகுவது உண்மை. ஆனால் புதுச் சரக்குக்கு அது தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்ட காரியம். வீட்டில் மிச்சம் இருப்பது கொஞ்ச நேர வேலைதான்.

வால்வுக்கும் அப்படியே. சூடேறி நிலைக்கு வர அரை மணி நேரம் கொடுக்கலாம். புது வால்வு முதல் சில மணி நேரங்களில் சற்றே மாறி, பிறகு அமைதியாகிவிடும். அந்தச் சந்தில் இன்னும் பெரிய மரியாதையோடு பேசப்படும் 300பி வால்வு, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1938-இல் வெளியிட்டது. திரையரங்க ஆம்ப்ளிஃபையரில் தினமும் பல மணி நேரம் உழைத்த வம்சம் அது. வாங்கி மாட்டிய அன்றே படம் காட்டியாக வேண்டும். நூறு மணி நேரம் காத்திருக்கும் வசதி தியேட்டர்காரருக்கு ஏது?

கேபிளைப் பற்றிக் கேட்டபோது பெரியவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னதை மருமகன் இப்படித் தமிழாக்கினான்: “கம்பி பழகி இவர் பார்த்ததில்லையாம் மாமா. முனை கறுத்துப் போறதைத்தான் பார்த்திருக்காராம். சுரண்டிட்டு மாட்டினா சரியாப் போயிடும்கறார்.” அவர் சொன்னது முழுக்க நடைமுறை அறிவு. செம்பின் முனை ஆக்ஸைடு பிடித்து இணைப்பு கெடுவதும், புதிதாக மாட்டும்போது அந்த அழுக்கு உராய்ந்து போய்ச் சத்தம் தெளிவதும் நடக்கிறவைதான். கேபிள் மாற்றியதும் வித்தியாசம் கேட்டவர்களில் பலர் உண்மையில் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்பீக்கர்தான் உண்மையில் பழகும் பொருள். இரண்டு கடை தள்ளி, பெட்டியில் மாட்டாத தனி ஸ்பீக்கர்களை விற்கிறார்கள். விரலால் கூம்பை மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொன்னார்கள். புதுசு விறைப்பாக எதிர்த்தது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே, வாடிக்கையாளர்கள் கேட்பதற்காக நாள் முழுக்க ஓடும் அதே மாடல் கொஞ்சம் இளகிக் கொடுத்தது. வித்தியாசம் விரலுக்கே தெரிகிறது. காரணம், கூம்புக்குப் பின்னால் வாய்ஸ் காயிலை நடுவில் பிடித்து நிறுத்தும் ஸ்பைடர். பருத்தித் துணியைப் பிசினில் தோய்த்து, அலை அலையாக மடித்துச் சூட்டில் அழுத்திச் செய்கிறார்கள். பெரிய அசைவு கிடைத்ததும் அந்தப் பிசினில் நுண்ணிய பிணைப்புகள் விட்டுப்போகின்றன, துணி இளகுகிறது. இளக்கத்தின் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே நடந்துவிடும். மிச்சம் சில மணி நேரங்களில் அடங்கும். பல தொழிற்சாலைகள் சோதனை ஓட்டத்தில் இதை முடித்தே அனுப்புகின்றன.

அப்படியானால் கடைக்காரர் சொன்னது சரிதானே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். தனியாக, காற்றில் தொங்கவிட்டால் 50 ஹெர்ட்ஸில் அதிரும் ஒரு வூஃபரை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்பைடரின் விறைப்பு 30 லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம். அதை 10 லிட்டர் மூடிய பெட்டிக்குள் வைத்தால் அதிர்வெண் சரியாக 100 ஹெர்ட்ஸுக்கு ஏறும். இப்போது அது ஓடி ஓடி ஸ்பைடர் 20 சதவீதம் இளகிவிட்டது என்று வையுங்கள். தனியாக அளந்தால் 50 என்பது 45.6 ஆகிவிடும், பெரிய மாற்றம். பெட்டிக்குள் வைத்து அளந்தால் 100 என்பது ஏறக்குறைய 98 ஆகும், அவ்வளவுதான். ஏனென்றால் பெட்டிக்குள் கூம்பைப் பெரும்பாலும் பிடித்துத் தள்ளுவது உள்ளே அடைபட்ட காற்று. காற்று பழகுவதில்லை. துளையிட்ட பெட்டிகளில் கணக்கு வேறு மாதிரி, ஆனால் அங்கேயும் மாற்றம் சிறிதுதான். விரலுக்குத் தெரிந்த வித்தியாசம் காதுக்கு வரும்போது இவ்வளவு சுருங்கிப்போகிறது.

இதை வாய்ப்பேச்சாக விட எனக்கு மனமில்லை. மருமகன் குடியிருக்கும் அதே கட்டடத்தில், அவனோடு வேலை பார்க்கும் மதுரைக்காரர் ஒருவர் அதே மாடலை ஒரு வருஷத்துக்கும் மேலாக வைத்திருக்கிறார். இருவரிடமும் பேசி, புதிய ஜோடியிலிருந்து ஒன்று, பழைய ஜோடியிலிருந்து ஒன்று என்று எடுத்துக்கொண்டோம். சோதனை மருமகன் வீட்டில், ஆறு பாய் அறையில். ஜப்பானில் அறையைத் தத்தாமிப் பாய்க் கணக்கில்தான் அளக்கிறார்கள். ஆறு பாய் என்றால் சுமார் 3.5 மீட்டர் நீளம், 2.6 மீட்டர் அகலம். குறுக்கே கயிறு கட்டி ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம். இரண்டு பெட்டியையும் ஒரே ஸ்டாண்டில், ஒரே இடத்தில், மாற்றி மாற்றி வைக்க ஒருவர் திரைக்குப் பின்னால். ஒலி அளவு இரண்டுக்கும் சமமாக இருக்கிறதா என்று ஃபோனில் உள்ள மீட்டரால் சரிபார்த்துக்கொண்டோம். இது முக்கியம், ஏனென்றால் ஒரு டெசிபல் கூடினாலும் காது அதைச் சத்தம் என்று சொல்லாது, ‘தரம்’ என்று சொல்லும். ஒரு தனி ஆவர்த்தனம், ஒரு நாகஸ்வரம், ஒரு பெண் குரல். எது புதுசு என்று ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும்.

தாள்களைச் சேர்த்துப் பார்த்தபோது யாருடைய விடையும் யாரோடும் ஒத்துப்போகவில்லை. பழைய பெட்டியைப் புதுசு என்று எழுதியவர், காரணமாக ‘இறுக்கம்’ என்று எழுதியிருந்தார். புதிய பெட்டியைப் பழசு என்று எழுதியவர் ‘கனிவு’ என்று எழுதியிருந்தார். எல்லோரும் உண்மையாகக் கேட்டார்கள், உண்மையாக எழுதினார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை.

பிறகு திரையை அவிழ்த்துவிட்டு, மருமகன் வழக்கமாகக் கேட்கும் நிலையில் எல்லாவற்றையும் வைக்கச் சொன்னேன். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்று எங்கோ படித்ததால், வூஃபருக்கும் பின்சுவருக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் விட்டிருந்தான். நாற்காலியை அறையின் சரி பாதியில் போட்டிருந்தான். நோய் அங்கேதான் இருந்தது. சுவரில் மோதித் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலிக்கு எதிர்முகமாக வந்து சேரும் ஓர் அதிர்வெண் உண்டு. ஒலியின் வேகத்தை, சுவருக்குள்ள தூரத்தின் நாலு மடங்கால் வகுத்தால் அது கிடைக்கும். 60 சென்டிமீட்டருக்கு 143 ஹெர்ட்ஸ். தொப்பியின் கனம் உட்காரும் பிரதேசத்துக்குப் பக்கத்திலேயே பள்ளம் விழுகிறது. போதாததற்கு, 3.5 மீட்டர் நீள அறையில் 49 ஹெர்ட்ஸில் எழும் நிலை அலைக்கு நடு அறையில் அழுத்தமே கிடையாது. நாற்காலி இருந்தது அதே இடம்.

ஸ்பீக்கர்களைச் சுவரை நோக்கித் தள்ளி, வூஃபருக்கும் சுவருக்கும் 25 சென்டிமீட்டர் மட்டும் விட்டோம். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தோம். அதே தனி ஆவர்த்தனத்தைப் போட்டதும் சமையலறையிலிருந்து மருமகனின் மனைவி எட்டிப் பார்த்தார்.

“என்ன மாமா மாத்துனீங்க? கும்கி இங்க வரைக்கும் வருதே!”

யாருக்கும் தாள் தேவைப்படவில்லை.

வீட்டில் தொப்பி மெலிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. டோக்கியோ அடுக்ககங்களில் சுவர் மெலிது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று எல்லோரும் தணித்துத்தான் கேட்கிறார்கள். கடையின் கேட்பறையில் தாராளமான சத்தம். ஒலி குறையும்போது மனிதக் காது தாழ்ந்த சுருதிகளைத்தான் முதலில் இழக்கிறது. ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் இதை அளந்து 1933-இல் வெளியிட்டார்கள். பழைய ஜப்பானிய ஆம்ப்ளிஃபையர்களில் ‘லவுட்னஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்காக வைத்ததுதான். தூய்மைவாதிகள் அதைத் தொடுவதே பாவம் என்பார்கள். இரவு பத்து மணிக்குத் தணிந்த குரலில் பாட்டுக் கேட்கிறவர்கள் கூச்சப்படாமல் அதை அழுத்தலாம் என்பது என் கருத்து.

அப்படியென்றால் ‘நூறு மணி நேரத்தில் மாறிவிட்டது’ என்று சொல்லும் ஆயிரக்கணக்கானோர் பொய் சொல்கிறார்களா? இல்லை. மாற்றம் நடக்கிறது, கேட்பவருக்குள் நடக்கிறது. 1998-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலரின் காது மடல்களில் அச்சு வைத்து மடலின் வடிவத்தையே மாற்றினார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று அவர்களால் முதலில் சொல்ல முடியவில்லை. சில வாரங்களில் மூளை புதிய மடலைக் கற்றுக்கொண்டது. அச்சை எடுத்ததும் பழைய மடலோடும் உடனே சரியாகக் கேட்டார்கள். காதின் வடிவம் மாறியதையே பழகிக்கொள்ளும் மூளைக்கு, ஒரு ட்வீட்டரின் சுபாவத்தைப் பழகிக்கொள்வது பெரிய காரியமா? அதோடு, நேற்றுக் கேட்ட ஒலியின் நுணுக்கத்தை நம் நினைவு அப்படியே வைத்திருப்பதில்லை. சில விநாடிகளிலேயே அது மங்கிவிடுகிறது. முதல் நாள் ஒலியையும் நூறாவது மணி நேர ஒலியையும் ஒப்பிடுகிறோம் என்று நாம் நினைக்கிறோம். ஒப்பிடுவது இன்றைய ஒலியையும் அன்றைய அபிப்பிராயத்தையும்தான். கண்ணும் இதில் புகுந்துகொள்கிறது. 1994-இல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒரே ஸ்பீக்கர்களைப் பார்த்துக் கேட்கவும் பார்க்காமல் கேட்கவும் வைத்தார்கள். இருமுறையும் ஆட்கள் அதே ஆட்கள், ஆனால் மதிப்பெண்கள் மாறின.

கேட்பவர் பழகுவதை நேரில் பார்க்க டோக்கியோவிலேயே இன்னோர் இடத்துக்கும் போனேன். ஷிபுயாவில் ஹச்சிகோ நாய்ச் சிலைக்கு அருகே கூட்டத்தைக் கடந்து, டோகென்சாகா மேட்டில் ஏறி, ஹியாக்கென்தனா என்ற பழைய சந்துக்குள் நுழைந்தால் ‘லயன்’ இருக்கிறது. 1926-இல் தொடங்கிய இசைக் காபிக்கடை. 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனதை 1950-இல் மறுபடி கட்டினார்கள். உள்ளே பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. காபி வேண்டுமென்றால் கிசுகிசுக்க வேண்டும். நாற்காலிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்க்கின்றன. அந்தத் திசையில் இரண்டு தள உயரத்துக்கு, கோயில் வாகனம் போல மரத்தில் இழைத்த ஸ்பீக்கர் சுவர் நிற்கிறது. இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒன்றுபோல இல்லை. தினமும் மூன்று மணிக்கு, முன்கூட்டியே அச்சடித்த நிகழ்ச்சி நிரல்படி ஒரு கச்சேரி இசைத்தட்டில் ஓடும். மற்ற நேரங்களில் கேட்பவர்கள் விரும்பியதைப் போடுகிறார்கள்.

வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்றின் விலை சாதாரணச் சம்பளக்காரருக்கு எட்டாத காலத்தில் உருவான வழக்கம் இது. ஒரு காபிக்குக் காசு கொடுத்தால் முழு சிம்ஃபனி கேட்கலாம். ஒலியைத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன். மேல் சுருதிகள் மென்மையாக அடங்கியிருக்கின்றன, தட்டின் உராய்வு கேட்கிறது. ஆனால் செல்லோ வில் இழுபடும்போது அறை முழுக்க அதன் உடம்பு நிறைகிறது. இந்த ஒலி இப்படி ஆனதற்கு எது காரணம்? எழுபது வருஷத்துக்கும் மேலாக அதே உயரக் கூரை, அதே மரம், அதே திசையில் உட்கார்ந்து வாய் திறக்காமல் கேட்கும் மனிதர்கள். ஊசி தேய்ந்தால் மாற்றுகிறார்கள், உதிரிபாகம் செத்தால் மாற்றுகிறார்கள். புதிது போட்டதும் அது பழகட்டும் என்று கடையை மூடி வைப்பதில்லை, மூன்று மணிக்குக் கச்சேரி தொடங்கியாக வேண்டும்.

உதிரிபாகங்களில் ரப்பரும் நுரையும் பழகுவதோடு நிற்பதில்லை, அழுகவும் செய்கின்றன. கூம்பின் விளிம்பில் நுரை வளையம் உள்ள பழைய வூஃபர்கள் பத்துப் பதினைந்து வருஷத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். சென்னை மாதிரி ஈரக் காற்றுள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். ரெக்கார்ட் பிளேயரின் பழைய கார்ட்ரிட்ஜ்களில் ஊசித்தண்டைத் தாங்கும் ரப்பர் இறுகிவிடும். அதற்கு முன்பும் ரப்பர் வெப்பத்துக்கு வெப்பம் குணம் மாறும். குளிர்காலக் காலையில் விறைத்து நிற்கும் கார்ட்ரிட்ஜ், அறை சூடானதும் நன்றாகத் தடம் பிடிக்கும். என்ஹெச்கே வானொலியோடு சேர்ந்து 1960-களின் தொடக்கத்தில் டெனான் உருவாக்கிய டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஒலிபரப்பு நிலையத்தில் தட்டு மாற்றித் தட்டு ஓட வேண்டும் என்பதற்காகவே அமைத்தது. மாட்டி, 2.5 கிராம் எடை வைத்து, உடனே ஒலிபரப்பத் தொடங்கலாம்.

கடைசியாக ஹமாமட்சு. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென்னில் ஒன்றரை மணி நேரம். வழியில் ஃபூஜி நதியைத் தாண்டும்போது மின்சாரமே மாறுகிறது. நதிக்குக் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் விளைவு. ஒசாகாவுக்கு மாற்றலாகிப் போகும் டோக்கியோக்காரர் அந்தக்கால ரெக்கார்ட் பிளேயரின் புல்லியை மாற்றாவிட்டால் பாட்டு ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். எல்லோர் காதுக்கும் தெரியும் மாற்றம் என்றால் அது இது.

ஹமாமட்சு யமஹாவின் ஊர். யமஹா தொராக்குசு 1887-இல் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் ஆர்கனைப் பழுது பார்த்ததில்தான் எல்லாம் தொடங்கியது. நகராட்சி 1995-இல் திறந்த இசைக்கருவி அருங்காட்சியகத்தில், உலகத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாத்தியங்கள். நான் அங்கே போனதற்குக் காரணம், ஏஜிங்கை நம்புகிறவர்களின் வலுவான வாதம் வாத்தியங்களிலிருந்துதான் வருகிறது என்பதே. வீணை வாசிக்க வாசிக்கக் கனியும் என்று நம் வித்வான்களும் சொல்வார்கள். யமஹாவே புது மரத்துக்கு வெப்பமும் ஈரமும் அழுத்தமும் கொடுத்து, வருஷக்கணக்கான முதிர்ச்சியைச் செயற்கையாக வரவழைக்கும் முறை ஒன்றை வைத்திருக்கிறது. மரம் முதிர்வது உண்மை. அதன் வேதியியல் மாறுகிறது. வாசிப்பதால் கனிகிறதா என்பது வேறு கேள்வி. ஆஸ்திரேலியாவில் ஒரே கைவினைஞர் ஒரே மரத்தில் இரட்டை வயலின்கள் செய்தார். ஒன்றைத் தொழில்முறைக் கலைஞர் வாசித்துவந்தார், மற்றது அருங்காட்சியகத்தில் பாதுகாப்பாக இருந்தது. மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டையும் ஒப்பிட்டதில், கேட்டவர்களாலும் வாசித்தவர்களாலும் நம்பத்தக்க வேறுபாடு காண முடியவில்லை. 2005-இல் வெளியான முடிவு இது. வாசிக்கிறவர் கை வாத்தியத்தைக் கற்றுக்கொள்கிறது என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

பயணம் முடியும்போது என் தீர்ப்பு இதுதான். ஸ்பீக்கரும் கார்ட்ரிட்ஜும் பழகும், சில மணி நேரத்தில், கொஞ்சமாக. ஆம்ப்ளிஃபையர் சூடேற அரை மணி நேரம் கொடுங்கள். கேபிளுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம், முனையைச் சுத்தமாக வையுங்கள். முதல் நாளே தகரமாகக் கேட்டால் ஸ்பீக்கரின் இடத்தை மாற்றிப் பாருங்கள், நாற்காலியை நகர்த்திப் பாருங்கள், ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அந்தச் சாதனம் உங்களுக்கானதல்ல. பொறுத்திருக்கும் நாட்களில் மாறப்போவது பெரும்பாலும் உங்கள் காது. மாறுவதற்குள் திருப்பித் தரும் கெடு முடிந்துவிடும்.

ஆகவே வாங்கும்போதே கேளுங்கள். நூறு மணி நேரம் ஓடினால் சரியாகிவிடும் என்று சொல்லும் கடைக்காரரிடம், நூறு மணி நேரத்துக்குப் பிறகும் பிடிக்காவிட்டால் முழுப் பணத்தோடு திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால் தயங்காமல் வாங்குங்கள்.